ஆலையின் கதவு வரை

கிணற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க நல்ல கருவியும் கொஞ்சம் பொறுமையும் போதும். யார் கலந்தார்கள் என்று கேட்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அந்த இரண்டாவது கேள்விதான் என் தொழில். பகுப்பாய்வு வேதியியல் படித்துவிட்டு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன், வழக்குகளுக்காக மாசின் மூலத்தைத் தேடும் பக்கம் வந்து, பிறகு அங்கேயே தங்கிவிட்டேன். ஆய்வகத்தில் பாதி நாள், பழைய காகிதங்களுக்குள் பாதி நாள், எப்போதாவது சாட்சிக் கூண்டில். இப்படித்தான் வருடங்கள் ஓடுகின்றன.

எதிர்த்தரப்பு சொல்லும் பதில்கள் அநேகமாக எல்லா வழக்கிலும் ஒன்றுதான். இது மண்ணில் இயற்கையாகவே இருப்பது என்பார்கள். இல்லாவிட்டால் பக்கத்து ஆலையுடையது. அதுவும் எடுபடாவிட்டால், எங்களுக்கு முன்னால் அந்த இடத்தை வைத்திருந்தவர் காலத்தது. எல்லாம் தோற்றால், எங்களுடையதாகவே இருந்தாலும் உங்கள் கிணறு வரை வந்து சேர்ந்திருக்க முடியாது என்பார்கள். இந்த நான்கையும் எதிர்கொள்ளாத ரிப்போர்ட் குறுக்கு விசாரணையில் தாங்காது. இதில் ஒவ்வொன்றும் சில வழக்குகளில் உண்மையாகவும் இருக்கும். அதனால் யார் பணம் கொடுத்து என்னைக் கூப்பிட்டாலும், நான்கையும் முதலில் நானே என்னிடம் கேட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு வேதிப்பொருளின் மூலக்கூறு எந்த ஆலையில் செய்தாலும் ஒன்றுதான். அப்புறம் எப்படி ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்வது? கூட வருபவற்றைப் பார்க்க வேண்டும். தயாரிப்பில் ஒட்டிக்கொண்ட அசுத்தங்கள், கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்த நிலைப்படுத்திகள், ஒரே வாய்பாட்டின் வெவ்வேறு வடிவங்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது. அடையாளம் இவற்றில்தான் இருக்கிறது. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ட்ரைகுளோரோஈத்தேன் என்ற கரைப்பானில் 1,4-டையாக்ஸேன் சேர்ப்பார்கள். கரைப்பான் பல வருடங்களில் நிலத்தடியில் சிதைந்து போகும். டையாக்ஸேன் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து, அதைவிட வேகமாக, அதைவிடத் தொலைவாகப் போகும். முன்னால் போகும் டையாக்ஸேனைப் பின்தொடர்ந்து திரும்பி வந்தால் கரைப்பான் கொட்டிய இடத்துக்கு வந்து சேரலாம்.

மின்மாற்றிகளில் இருந்த பிசிபி எண்ணெய் இன்னும் நல்ல உதாரணம். பிசிபி என்பது குளோரின் கொண்ட 209 சேர்மங்களின் குடும்பம். அமெரிக்காவில் மான்சான்டோ இவற்றை அரோகுளோர் என்ற பெயரில் கலவைகளாக விற்றது. அரோகுளோர் 1254 என்றால் எடையில் ஏறத்தாழ 54 சதவீதம் குளோரின், 1260 என்றால் 60. ஒவ்வொரு கலவைக்கும் கருவியின் வரைபடத்தில் எழும் முகடுகளின் (பீக்குகளின்) வரிசை வேறு. ஆற்று வண்டலில் கிடைத்த பிசிபி எந்தக் கலவை என்று தெரிந்தால், அதை யார் வாங்கினார்கள் என்று தேடலாம். ஆனால் அதே ஆற்றில் பிசிபி-11 என்ற ஒன்றும் தென்படும். அது அரோகுளோர் கலவைகளில் இருந்ததில்லை என்றே சொல்லலாம். மையில் சேரும் மஞ்சள் நிறமிகள் சிலவற்றைத் தயாரிக்கும்போது தற்செயலாக உருவாவது அது. மொத்த பிசிபி எவ்வளவு என்று ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்த ஒரு எண்ணுக்குள் மின்மாற்றிக்காரரும் மை தயாரித்தவரும் ஒன்றாகப் புதைந்துவிடுகிறார்கள்.

இப்போது எங்கே பார்த்தாலும் பிஃபாஸ் வழக்குகள். எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்களின் குடும்பம் அது. இதில் முக்கியமான பிஎஃப்ஓஏ என்ற அமிலத்தை இரண்டு விதமாகத் தயாரித்தார்கள். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் பயன்படுத்திய மின்வேதி முறையில், கார்பன் அணுக்கள் ஒரே வரிசையில் கோத்த நேர்ச் சங்கிலிகளோடு கிளைத்த சங்கிலிகளும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும். டெலோமர் என்ற இன்னொரு முறையில் வருவது கிட்டத்தட்ட முழுவதும் நேர்ச் சங்கிலி. 2000-ஆம் ஆண்டு 3எம் இந்தத் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆகவே கிளைத்தவை எவ்வளவு இருக்கின்றன என்ற ஒரு கணக்கு, தயாரிப்பு முறையைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் ஒருசேரத் துப்பு கொடுக்கும். துப்புதான், தீர்ப்பு அல்ல. இரண்டு மூலங்கள் கலந்த இடத்தில் இந்த விகிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர் மாட்டிக்கொள்வார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை அலாஸ்காவுடையது. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் பாறையில் மோதி ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. பிறகு கரையோரங்களில் கிடைத்த தார் உருண்டைகளை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கீத் குவென்வோல்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்துச் சோதித்தார்கள். பார்த்த கண்ணுக்கு எல்லாம் கப்பலின் எண்ணெய்தான். கார்பன் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதம், வேறு சொன்னது. கப்பல் எண்ணெயின் எச்சத்தில் கனமான கார்பன்-13 அளவு, பொதுவான ஒப்பீட்டுத் தரத்தைவிட ஆயிரத்துக்கு 29 குறைவாக, அதாவது மைனஸ் 29-ஐ ஒட்டி இருந்தது. பல உருண்டைகளில் அது மைனஸ் 24-ஐ ஒட்டி. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வெயிலும் அலையும் உண்டாக்க முடியாது. பழங்கால உயிர்களின் எச்சமாக எண்ணெயில் தங்கியிருக்கும் மூலக்கூறுகளும் கலிஃபோர்னியாவின் மான்டெரி பாறையடுக்கைக் காட்டின. அலாஸ்கா தன் சொந்த எண்ணெயை எடுப்பதற்கு முன்னால் எரிபொருளும் தாரும் கலிஃபோர்னியாவிலிருந்துதான் வந்தன. 1964 மார்ச்சில் 9.2 அளவில் வந்த நிலநடுக்கத்தில் பழைய வால்டெஸ் ஊரின் சேமிப்புத் தொட்டிகள் உடைந்து கடலில் கலந்தது இது என்பதே அவர்கள் எட்டிய முடிவு.

இதனால் எக்ஸானின் குற்றம் குறைந்துவிடவில்லை. அவர்களுடைய எண்ணெய் எங்கே இருந்ததோ அங்கே அது தெளிவாகவே அடையாளம் காணப்பட்டது. ஆனால் கறுப்பாக ஒட்டியதையெல்லாம் ஒரே கணக்கில் எழுதியிருந்தால், அந்த ஒரு தவறை வைத்தே மற்ற எல்லாவற்றையும் உடைக்க எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்திருக்கும். குற்றவாளி யார் என்று ஊருக்கே தெரிந்த வழக்கில்தான் மாதிரிகளை அதிகக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

என்னுடைய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். குடியிருப்புப் பகுதியின் கிணறுகளில் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற வேறொரு கரைப்பான் கிடைத்தது. நீரோட்டத்தின் மேல்பக்கம் இரண்டு இடங்கள். ஒன்று உலோகப் பாகங்களைக் கழுவும் பட்டறை. அங்கே ட்ரைகுளோரோஎத்திலீனையே பல வருடம் பயன்படுத்தியிருந்தார்கள். இன்னொன்று துணி வெளுக்கும் டிரை கிளீனிங் நிலையம். அங்கே பயன்பட்டது டெட்ராகுளோரோஎத்திலீன். பார்த்தவுடன் பட்டறைதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் காற்றுப் புகாத நிலத்தடியில் சில பாக்டீரியாக்கள் டெட்ராவிலிருந்து ஒரு குளோரினைக் கழற்றி ட்ரை ஆக்கும். அதையும் கழற்றி டைகுளோரோ, அப்புறம் வினைல் குளோரைடு. அதாவது கிணற்றில் இருக்கும் ட்ரை, பட்டறையிலிருந்து நேராக வந்ததாகவும் இருக்கலாம், டிரை கிளீனிங் கரைப்பானின் வாரிசாகவும் இருக்கலாம். சாதாரணச் சோதனைக்கு இரண்டும் ஒன்று. ஹைட்ரஜனைப் பார்த்தால் ஒன்றல்ல. ஆலையில் தயாரிக்கும் ட்ரைகுளோரோஎத்திலீனில் கனமான ஹைட்ரஜனாகிய டியூட்டீரியம் மிக அதிகமாக இருக்கும். பாக்டீரியா குளோரினைக் கழற்றி அந்த இடத்தில் வைக்கும் ஹைட்ரஜன் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து வருவதால் டியூட்டீரியம் மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஆயிரத்துக்கு நூற்றுக்கணக்கில். எங்கள் கிணறுகளில் பெரும்பாலானவை குறைந்த பக்கம் நின்றன. பட்டறையிலிருந்து நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் நேராக இருந்த சில மட்டும் அதிகப் பக்கம். இரண்டு பேரும் பொறுப்பு, ஆனால் சமமாக அல்ல. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அப்போது மாதிரி எடுக்கப் போன ஒரு வீட்டில், அந்த வீட்டு அம்மா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே கேட்டார்: “யாருன்னு நீங்க கண்டுபிடிச்சிருவீங்க தம்பி. எத்தனை வருஷமா இதைக் குடிச்சிட்டிருக்கோம்னு சொல்ல முடியுமா?” வக்கீல்கள் யாரும் அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கவில்லை. குடித்தவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

காலத்தைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. ஏரியின் அடிவண்டலைக் குழாயால் உருவி எடுத்தால் அடுக்கடுக்காக வருடங்கள் கிடைக்கும். அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 உச்சம் 1963-ஐக் காட்டும். ஈயம்-210-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 22 வருடம் என்பதால் மற்ற அடுக்குகளையும் எண்ணலாம். நிலத்தடி நீருக்கு டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் இருக்கிறது. இவையெல்லாம் மண்ணின், தண்ணீரின் வயதுகள். மனித உடலுக்குள் நஞ்சு எப்போது போனது என்று காட்டிய சான்று ஒன்று உண்டு. நான் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

ஜப்பானில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடித் துண்டை உலர்த்திச் சின்னப் பெட்டியில் பாதுகாத்து வைப்பார்கள். மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலை பல வருடங்கள் கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் இருந்தது. அது மீன் வழியாக உடலுக்குள் போய் நரம்புகளைத் தாக்கிய மினமாட்டா நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. மருத்துவர் ஹராடா மசாஸுமியும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் பகுதிக் குடும்பங்களிடம் இருந்த தொப்புள்கொடிகளை வாங்கிப் பாதரசத்தை அளந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பிறந்த தேதி இருந்தது. இந்தப் பாதரசம் உருவானது அசெட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும்போது; ஆலை அந்த உற்பத்தியைக் கூட்டிய வருடங்களில் பிறந்தவர்களின் கொடிகளில் பாதரசமும் கூடியிருந்தது. தாய்மார்கள் எந்த வழக்கையும் நினைக்காமல் பத்திரப்படுத்தி வைத்தவை அவை.

அதே ஊரில் ஆலையின் மருத்துவமனைத் தலைவர் ஹோசோகாவா ஹாஜிமே 1959-இலேயே அசெட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண்ணிட்ட அந்தப் பூனைக்கு அதே நோய் வந்தது. நிர்வாகம் அதை வெளியே விடவில்லை. 1970-இல் ஹோசோகாவா மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அதைச் சாட்சியமாகச் சொன்னார். அந்த வருடமே இறந்துபோனார். ஆலைக்கு எதிரான வழக்கில் குமாமோட்டோ நீதிமன்றத் தீர்ப்பு 1973-இல் வந்தது. மூலம் எது என்று ஆலைக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்ட பிறகும், வெளியே இருந்தவர்கள் அதை நிரூபிக்கப் பத்து வருடங்களுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டு “சான்று போதாது” என்ற சொல்லை நான் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை. யாரிடம் இருக்கும் சான்று போதாது என்று உடனே கேட்கத் தோன்றுகிறது.

சட்டம் கேட்கும் கேள்வியும் வேதியியல் பதில் சொல்லக்கூடிய கேள்வியும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. மாசசூசெட்ஸின் வோபர்ன் ஊரில் ஜி, எச் என்ற இரண்டு பொதுக் கிணறுகளில் கரைப்பான்கள் இருப்பது தெரிந்து 1979-இல் அவற்றை மூடினார்கள். ரத்தப் புற்றுநோயால் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1986-இல் நடந்த விசாரணையில் ஜூரிகளிடம் கேட்கப்பட்டது என்ன தெரியுமா? ஒவ்வொரு கரைப்பானும் எந்தத் தேதியில் கிணற்றின் மாசுக்குக் கணிசமான காரணமாக ஆனது, மாதமும் வருடமும் சொல்லுங்கள் என்று. நிலத்தடியில் வண்டலும் சரளையும் மாறி மாறிக் கிடக்கும் இடத்தில், பக்கத்தில் ஓடும் ஆற்று நீரையும் உறிஞ்சிக்கொண்டிருந்த கிணற்றுக்கு, மாதக் கணக்கில் விடை. நிபுணர்களாலேயே முடியாததைப் பொதுமக்களிடம் கேட்டார்கள். ஒரு நிறுவனம் விடுபட்டது. இன்னொன்றின் மீதான முடிவை நீதிபதி தள்ளிவைத்து மறு விசாரணை என்றார். அந்த நிறுவனம் 80 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

மூலத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்தும் பலன் இல்லாமல் போனதும் உண்டு. இங்கிலாந்தின் சாஸ்டனில் தோல் பதனிடும் ஆலையில் சிந்திய டெட்ராகுளோரோஎத்திலீன், சுண்ணப் பாறைக்குள் இறங்கி 1.3 மைல் தள்ளியிருந்த கேம்பிரிட்ஜ் குடிநீர் நிறுவனத்தின் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போனது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் போன வழியைக் கண்டுபிடித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1993 டிசம்பரில் அதை ரத்து செய்தது. சிந்திய காலத்தில் இப்படி ஆகும் என்று முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது என்பது காரணம். அந்தத் தர்க்கம் எனக்குப் புரிகிறது. தீர்ப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. கிணறு போனது போனதுதானே, செலவு யார் தலையில்?

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் நான் வைப்பது ஜப்பானின் நீகட்டா மாவட்ட நீதிமன்றம் 1971 செப்டம்பரில் கொடுத்த தீர்ப்பு. அகானோ ஆற்றங்கரையில் 1965-இல் மினமாட்டா நோய் மறுபடி தலைகாட்டியது. ஆற்றின் மேல்பக்கம் ஷோவா டென்கோ நிறுவனத்தின் கனோசே ஆலை. அது அல்ல, 1964 நிலநடுக்கத்தில் துறைமுகக் கிடங்குகளிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட பூச்சிமருந்துதான் காரணம் என்றது நிறுவனம். ஆலையின் அசெட்டால்டிஹைடு பிரிவு அதற்குள் மூடப்பட்டு, இயந்திரங்கள் அகற்றப்பட்டிருந்தன. கழிவுநீர் வெளிவந்த வாயருகே பாசியில் மெத்தில் பாதரசம் கிடைத்தது. ஆலைக்குள் அது எப்படி உருவானது என்று வெளியிலிருந்து யாரும் காட்ட முடியாது.

நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: நோய் எந்தப் பொருளால் வந்தது, அந்தப் பொருள் எந்த வழியாக வந்தது என்ற இரண்டையும் சந்தர்ப்பச் சான்றுகளால் அடுக்கி, ஆலையின் கதவு வரை கொண்டுவந்து நிறுத்தினால் பாதிக்கப்பட்டவரின் வேலை முடிந்தது. கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்பது ஆலைக்குத் தெரியும். தன்னிடமிருந்து வரவில்லை என்று அதுதான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் வந்ததாகவே கொள்ளப்படும்.

என் தொழில் அனுபவத்தில் இதைவிட நியாயமான எல்லைக்கோட்டை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. கொள்முதல் ரசீது, கழிவு அகற்றிய பதிவு, தொட்டி கசிந்த நாளின் குறிப்பேடு எல்லாம் கதவுக்கு உள்ளே இருக்கின்றன. என் கருவிகள் ஹைட்ரஜன் வரைக்கும் பிரித்துக் காட்டும். பூட்டிய அலமாரியைத் திறக்காது. வழக்கு என்று வந்தவுடன் பழைய பதிவுகள் “இடம் மாறியபோது தொலைந்துவிட்டன” என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். தொலைத்தவருக்கே அது சாதகமாக முடியும் நிலை எந்த நாட்டுச் சட்டத்திலும் இருக்கக் கூடாது. கதவு வரை கொண்டுவருவதும் லேசான வேலை அல்ல. அதைச் சரியாகச் செய்ய எங்களைப் போன்றவர்கள் முதுகு ஒடிய உழைக்கத் தயார்.

புதிய அறிவியலை நீதிமன்றம் உள்ளே விடுமா என்பது வேறு ஒரு தடை. கலிஃபோர்னியாவின் பொமோனா நகரம், தன் நிலத்தடி நீரில் உள்ள பெர்குளோரேட் என்ற மாசு, சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்து உரத்திலிருந்து வந்தது என்று அந்த உரத்தை விற்ற எஸ்க்யூஎம் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அட்டகாமாவின் பெர்குளோரேட்டில் ஆக்ஸிஜன், குளோரின் ஐசோடோப்புகள் செயற்கையாகத் தயாரித்ததிலிருந்து தெளிவாக வேறுபடும். கீழ் நீதிமன்றம் அந்த நிபுணரின் சாட்சியத்தையே தள்ளிவிட்டது. 2014-இல் மேல்முறையீட்டில் அது தவறு, முறையைப் பற்றிய சண்டையை ஜூரி முன்னால் போடுங்கள் என்றார்கள். சாட்சியத்தை உள்ளே கொண்டுபோகவே இவ்வளவு பாடு.

கடைசியாக, தங்கள் தண்ணீர் மேல் சந்தேகம் வந்து எனக்கு எழுதுகிறவர்களுக்கு. வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சிலவற்றைச் செய்யலாம். பழைய தண்ணீர்ச் சோதனை ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். “மாசு இல்லை” என்று வந்த ரிப்போர்ட்தான் பிறகு மாசு எப்போது வந்தது என்று காட்டும். கையில் கிடைத்த பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வருடக்கணக்கில் வைத்திருந்தால் கரைப்பான் பறந்துவிடும், அதனால் பலன் இல்லை. அதற்கென்று 40 மில்லி கண்ணாடிக் குப்பி உண்டு. உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நிரப்பி, அமிலம் சேர்த்து, குளிரில் வைத்து, 14 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். பிஃபாஸ் சந்தேகம் என்றால் கண்ணாடி வேண்டாம், ஆய்வகம் கொடுக்கும் பாட்டில்தான். குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பும் மழைக்கோட்டும் அருகே வரக் கூடாது, அவற்றிலேயே பிஃபாஸ் இருக்கலாம். ஆகவே ஆய்வக ஆளையே வரச் சொல்லுங்கள். அவர் எடுத்த குப்பி யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்ற பதிவுத்தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரே மாதிரியைப் பிரித்து இரண்டாவது ஆய்வகத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல அளவீடுகள் இருந்தும், ஒரு இரவு முழுக்கப் பெட்டி எங்கே இருந்தது என்று தாளில் எழுதாததால் சான்று மொத்தமும் ஒதுக்கப்பட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் போய்ப் பேசுங்கள். டிரம்களை எந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு போனார்கள் என்று அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். எங்கே தோண்டுவது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான்.